பழைய மர வாத்தின் சாயத்தைச் சுரண்டலாமா?

கேள்வி – மார்ச் 6, 2022

நியூ ஜெர்சியில் குடியிருக்கிறேன். போன சனிக்கிழமை, பெரியவர் ஒருவர் காலமான வீட்டில் சாமான்களை விற்றார்கள். 40 டாலருக்கு ஒரு மர வாத்து வாங்கினேன். அடியில் ஈயம் பதித்திருக்கிறது. சாயம் செதில் செதிலாக உரிகிறது. அலகு நுனி உடைந்திருக்கிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புதிதாகச் சாயம் பூசி வரவேற்பறையில் வைக்கலாம் என்று நினைக்கிறேன். எந்தச் சாயம் நல்லது? இதற்கெல்லாம் விலை உண்டா?

மார்ச் 6, 2022

உப்புத்தாளைக் கீழே வையுங்கள். சாயமும் வாங்க வேண்டாம். இரவு விரிவாக எழுதுகிறேன்.

மார்ச் 6, இரவு

முதலில் உடம்புக்கான காரணம். பழைய சாயத்தில் ஈயம் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். தேய்த்தால் தூள் பறந்து மூச்சில் போகும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

அடுத்த காரணம் பெரியது. உங்கள் கையில் இருப்பது அலங்காரப் பொம்மை இல்லை, உழைத்த பொருள். வேட்டைக்காரர்கள் இந்தப் பொய்வாத்துகளைக் கூட்டமாகத் தண்ணீரில் மிதக்க விடுவார்கள். மேலே பறக்கிற காட்டு வாத்துகள், கீழே தம் இனம் நிம்மதியாக இரை தின்கிறது என்று நம்பி இறங்கும். நான் இருப்பது மேரிலாந்தில், சஸ்க்வெஹானா ஆறு செசபீக் விரிகுடாவில் கலக்கிற இடத்துக்கு அரை மணி நேரத் தொலைவில். ஆற்றின் முகத்தில் இருக்கிற ஹேவர் டி கிரேஸ் என்ற சிற்றூர் தன்னை உலகின் மர வாத்துத் தலைநகர் என்று சொல்லிக்கொள்கிறது. சொல்லிக்கொள்ள அதற்கு முழு உரிமை உண்டு.

அங்கே 1935 வரை 'சிங்க் பாக்ஸ்' என்ற ஏற்பாடு இருந்தது. சவப்பெட்டி மாதிரி ஒரு மரப்பெட்டி, விளிம்பு நீர்மட்டத்தோடு சமமாக இருக்கும்படி அமிழ்ந்து நிற்கும். வேட்டைக்காரர் உள்ளே மல்லாந்து படுத்திருப்பார். நான்கு புறமும் விரிந்த பலகைகள் மேல் வார்ப்பிரும்பு வாத்துகளை வைத்திருப்பார்கள். கனத்துக்குக் கனமும் ஆயிற்று, மறைப்புக்கு மறைப்பும் ஆயிற்று. அதைச் சுற்றி முந்நூறு, நானூறு மர வாத்துகள். விடியுமுன் இருட்டில், உறைகிற குளிரில், படகிலிருந்து ஒவ்வொன்றாக வீச வேண்டும். மாலையில் ஒவ்வொன்றாக எடுத்து, கயிற்றைக் கழுத்திலும் உடம்பிலும் சுற்றி அடுக்க வேண்டும். அலகு உடையாமல் என்ன செய்யும்? உங்கள் வாத்தின் அலகில் போன அந்தச் சில்லு, அது பார்த்த வேலையின் தடயம்.

செய்தவர்கள் யாரும் இதைக் கலை என்று நினைக்கவில்லை. தண்ணீரில் நிமிர்ந்து மிதக்கிறதா, தூரத்திலிருந்து வாத்து மாதிரி தெரிகிறதா, கையில் எடுத்தால் உடையாமல் இருக்கிறதா, இவ்வளவுதான் அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கிலிருந்துதான் இந்த அழகு வந்தது. அதை உப்புத்தாளால் அழித்துவிட்டால் மிஞ்சுவது வாத்து வடிவத்தில் ஒரு கட்டை.

மார்ச் 9

எப்படிப் பார்ப்பது என்று கேட்டீர்கள். தலையைப் பார்க்காதீர்கள், எல்லோரும் அங்கேதான் ஏமாறுகிறோம். கவிழ்த்து அடியைப் பாருங்கள்.

என் மேசை மேல் இப்போது ஒன்று கவிழ்ந்து கிடக்கிறது. நடுவில் விரல் நீளத்துக்கு ஈயக் கட்டி, இரண்டு ஆணி. ஆணித்தலையைச் சுற்றித் துரு மரத்துக்குள் ஊறிக் கரிய வளையமாகியிருக்கிறது. முன்பக்கம் ஒரு கொக்கி, அதில் நங்கூரக் கயிறு கட்டும் வளையம். வளையம் ஆடி ஆடி மரத்தில் பிறைபோல் ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது. அந்தப் பள்ளத்தை ஒரு நாளில் யாராலும் செய்ய முடியாது. ஈயத்துக்கு அரை அங்குலம் தள்ளி இரண்டு பழைய ஆணித் துளைகள்: முதலில் அடித்த ஈயம் சரியாக நிற்கவில்லை, மிதக்கவிட்டுப் பார்த்து இடம் மாற்றியிருக்கிறார்கள். வால் பக்கம், கத்தி ஓடிய தடம் சாயத்தின் கீழ் மெல்லிய பட்டைகளாகத் தெரிகிறது. என் தாத்தா தச்சர். வாய்ச்சியால் செதுக்கிய பலகையைக் கையால் தடவிப் பார்த்து, இழைப்புளி போடலாமா என்று முடிவு செய்வார். அடியைத் தடவும்போதெல்லாம் அவர் கைதான் நினைவுக்கு வருகிறது.

நியூ ஜெர்சியில் கிடைத்தது என்பதால் இன்னொன்றும் செய்யுங்கள். விரல் கணுவால் முதுகில் தட்டுங்கள். பார்னிகாட் விரிகுடாக் கரையில் வெண்தேவதாரு மரத்தை இரண்டு பாதியாகக் குடைந்து ஒட்டுவார்கள். அங்கே ஓடியது ஒரு ஆள் படுக்கிற சிறு படகு. கனம் குறைந்தால்தான் அதில் ஏற்ற முடியும். எங்கள் செசபீக் மேற்கரை வாத்து கட்டை வாத்து, குடைவு கிடையாது. ஜெர்சி வாத்து தட்டினால் தேங்காய்ச் சிரட்டை போல ஒலிக்கும். டக்கர்ட்டன் ஊரில் வீட்டுக்குச் சாயம் அடிக்கிற தொழில் பார்த்த ஹாரி ஷோர்ட்ஸ் இந்த வகையில் பேர்போனவர், 1920இல் இறந்தார். அவர் வாத்துகளில் அடியில் நீள்சதுரக் குழி வெட்டி ஈயத்தை உருக்கி ஊற்றியிருக்கும். உங்களுடையதிலும் ஈயம் 'பதித்திருக்கிறது' என்று எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இவ்வளவு எழுதுகிறேன். ஆனால் அந்தக் கரையில் பலரும் அப்படித்தான் செய்தார்கள். இன்னார் செய்தது என்று நான் சொல்ல மாட்டேன்.

மார்ச் 10

அடியில் எழுத்து ஏதாவது சூடு போட்டிருந்தால் அது செய்தவரின் பெயர் என்று முடிவு கட்டாதீர்கள். பெரும்பாலும் சொந்தக்காரரின் பெயர், அல்லது வேட்டைச் சங்கத்தின் பெயர். மாட்டுக்குச் சூடு போடுவது எதற்காகவோ அதே காரணம்.

மார்ச் 27

கேட்பீர்கள் என்று தெரியும், கேட்டுவிட்டீர்கள். ஆம், மில்லியன் டாலர் வாத்து உண்டு. மாசசூசெட்ஸில் கேப் காட் கரையில் ஈஸ்ட் ஹார்விச் ஊரில் இருந்த எல்மர் குரோவெல் செய்த ஒரு ஊசிவால் வாத்தும் ஒரு கனடா வாத்தும் 2007இல் தலா 11 லட்சத்து 30 ஆயிரம் டாலருக்குக் கைமாறின. அந்த ஊசிவால் தலையைத் திருப்பிச் சிறகைக் கோதுகிறது. படத்தில்தான் பார்த்திருக்கிறேன். கழுத்து முறுக்கும்போது இறகு எப்படி ஒதுங்குமோ அப்படி ஒதுங்கியிருக்கிறது, அதுவும் சாயத்தில். குளிர்காலத்தில் வேடந்தாங்கலுக்கு வருகிறதே, அதே இனம்தான் இந்த ஊசிவால். சிறு வயதில் அங்கே தூரக்கண்ணாடியில் பார்த்த பறவையை அமெரிக்காவில் ஒரு கட்டையில் அடையாளம் கண்டுகொண்டபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை எப்படிச் சொல்வது!

ஆனால் அந்த விலையை மனத்தில் வைத்துக்கொண்டு சேகரிக்க வராதீர்கள், பார்வை கெட்டுவிடும். இரண்டு மூன்று நூறு டாலருக்கு நேர்மையான, உழைத்த வாத்துகள் இன்றும் கிடைக்கின்றன. என்னிடம் இருக்கும் பதினாலில் ஒன்றுகூட ஆயிரத்தைத் தொடாது.

ஏப்ரல் 3

ஒரு அன்பர் எழுதியிருக்கிறார்: "பொய்வாத்து என்று ஏன் புதுச்சொல் செய்கிறீர்கள்? தமிழில் பழைய சொல் இருக்கிறது, பார்வை."

நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். புறநானூற்றின் 320ஆம் பாட்டைப் போய்ப் படித்தேன். வேடன் அசந்து தூங்குகிறான். முற்றத்தில் அவன் பழக்கிக் கட்டிவைத்த பெண்மான், 'பார்வை மடப்பிணை'. அதைக் கண்டு வந்த தனிக் கலைமான் அதைத் தழுவிக்கொண்டு தன்னை மறந்து நிற்கிறது. வேடனின் மனைவி பார்க்கிறாள். கணவன் விழித்துவிடுவானோ, மான் விலகிவிடுமோ என்று அசையாமல் நிற்கிறாள். மான்தோலில் காயப்போட்ட தினையைக் கானக்கோழியும் இதல் என்ற சிறு பறவையும் வந்து தின்கின்றன. அவற்றையும் விரட்டவில்லை.

வேட்டைக்காக வைத்த மிருகத்தின் முன்னால் வேட்டையே நின்றுபோகிற இடம் அது. 'பார்வை' என்றால் பார்க்கும் பார்வை மட்டும் இல்லை, பிடிப்பதற்காகக் காட்டி வைக்கிற விலங்கு. இனி நானும் பார்வை வாத்து என்றே எழுதுவேன். அன்பருக்கு நன்றி. போன குறிப்பில் 'பார்வை கெட்டுவிடும்' என்று அறியாமலே எழுதியிருக்கிறேன், படித்துச் சிரித்தேன்.

மே 10

ஹேவர் டி கிரேஸ் விழாவுக்குப் போய்வந்தேன். மர வாத்து செய்து பேர்பெற்ற மேடிசன் மிட்செலின் பட்டறை அங்கே அருங்காட்சியக வளாகத்துக்குள் இருக்கிறது. அவர் தொழில் இறுதிச் சடங்கு நடத்திக்கொடுப்பது. வீட்டுக்குப் பின்னால் பட்டறை. 1901இல் பிறந்து 1993 வரை வாழ்ந்தவர். அவரிடம் வேலை கற்றுக்கொண்டு போனவர்கள் ஒரு தலைமுறை.

உடலைக் கடைசல் இயந்திரத்தில் உருட்டி, தலையைக் கையால் செதுக்கினார் அவர். "அப்படியானால் கைவேலை என்று சொல்லலாமா?" என்று கூட வந்த நண்பர் கேட்டார். டெட்ராய்டில் 1896 முதல் 1924 வரை நடந்த மேசன் தொழிற்சாலையும் கடைசல் வேலைதான். அதன் உயர்ந்த ரகங்களை இன்று போட்டி போட்டு வாங்குகிறார்கள். என் கருத்து: தூரிகை எங்கே நின்றது, எங்கே திரும்பியது என்று கண்ணுக்குத் தெரிகிற வரையில் அது கைவேலைதான். மேசன் வாத்தின் மார்பில் சாயம் சுழி சுழியாகக் கிடக்கும். ஒரு ஆளின் மணிக்கட்டு அதில் அப்படியே இருக்கிறது.

ஜூலை 18

இதை எழுதுவதா வேண்டாமா என்று நான்கு மாதமாகத் தயங்கினேன். சாயத்தைச் சுரண்டாதீர்கள் என்று அவ்வளவு அழுத்தமாகச் சொன்னது, நான் சுரண்டியவன் என்பதால்.

பதினோரு வருடத்துக்கு முன் ஒரு கேன்வாஸ்பேக் வாங்கினேன். நெற்றி சரிந்து அலகோடு நேராக இறங்குகிற ஆண் வாத்து. தலை செங்கல் சிவப்பு, முதுகு வெள்ளை. மேல் சாயம் தடித்து, கட்டியாகக் கிடந்தது. "இது வேட்டைக்காரன் பின்னால் பூசியது, கீழே அசல் சாயம் பத்திரமாக இருக்கும்" என்றார் விற்றவர். 275 டாலர். சேகரிப்பவர்கள் நடுவில் 'அசல் சாயம்' என்ற சொல்லுக்கு இருக்கும் மயக்கம் எனக்கும் இருந்தது. அறுவைச் சிகிச்சைக் கத்தியும் பெருக்கிக் கண்ணாடியும் வைத்துக்கொண்டு மூன்று மாதம், ஞாயிற்றுக்கிழமைகளில், அங்குலம் அங்குலமாகச் சுரண்டினேன். வெள்ளை போனது. அதன் கீழே சாம்பல், அதன் கீழே இன்னொரு வெள்ளை. அதற்குக் கீழே மரம். ஓரங்களில் கருகிய திட்டுகள். மறுபடி பூசுமுன் பழைய சாயத்தை யாரோ நெருப்பு காட்டி எரித்தெடுத்திருக்கிறார்கள். அசல் என்று ஒன்று அங்கே இல்லவே இல்லை.

அன்று சாயத் தூளைக் காகிதத்தில் கூட்டி வைத்துப் பார்த்தேன். மூன்று பூச்சு. ஒவ்வொன்றும் ஒரு கோடைக்காலம். வேட்டைப் பருவம் தொடங்குமுன் கொட்டகை வாசலில் உட்கார்ந்து வாத்துகளை வரிசையாக வைத்துச் சாயம் பூசிய ஒருவரின் மூன்று கோடைக்காலங்களை நான் காகிதத்தில் கூட்டிவிட்டேன்.

இதைச் சொல்லிவிட்டதால் முன்பு சொன்னதையும் திருத்துகிறேன். அசல் சாயம்தான் எல்லாம் என்று நம்புகிறவர்கள் மேல் எனக்கு வருத்தம் உண்டு. உழைத்த பார்வை வாத்துக்கு மறுபூச்சு வந்தே தீரும். பூசாமல் இருந்தால் மரம் நீர் குடித்து வெடிக்கும், பறவைகளும் நம்பாது. அருங்காட்சியகத்தார் அசலைத் தேடட்டும், அது அவர்கள் கடமை. என் வீட்டில் வேட்டைக்காரரின் மறுபூச்சுக்கு அசலுக்குச் சமமான மரியாதை உண்டு.

ஜூலை 20

"அப்படியானால் நான் பூசினால் மட்டும் என்ன தப்பு, நானும் இன்றைய சொந்தக்காரன்தானே?" நல்ல கேள்வி. இரண்டு நாள் யோசித்தேன். அவர் பூசியது தண்ணீரில் விடுவதற்கு. நீங்கள் பூசப்போவது அலமாரியில் வைப்பதற்கு. நீங்கள் அதை வேட்டைக்கு எடுத்துப்போவதாக இருந்தால் தாராளமாகப் பூசுங்கள், தடுக்க மாட்டேன்.

நவம்பர் 14

ஈஸ்டனில் நடக்கிற நீர்ப்பறவை விழாவுக்கு வருடம் தவறாமல் போகிறேன், 1971இல் தொடங்கிய விழா. இந்த முறை பழைய வாத்து மாதிரி புதிதாகச் செய்து, தேய்த்து, அடியில் துருவேற்றி வைத்திருந்த ஒன்றை யாரோ கொண்டுவந்து காட்டினார்கள். புற ஊதாக்கதிர் விளக்கைப் பிடித்ததும் ஓரத்தில் பூசிய புதுச் சாயம் வேறு விதமாக ஒளிர்ந்தது. ஏல நிறுவனங்கள் எக்ஸ்ரே எடுத்து உள்ளே இருக்கிற ஆணியையே பார்த்துவிடுகின்றன. எனக்குக் கண்டுபிடித்துக்கொடுத்தது வளையத்துக்குக் கீழே இருக்கவேண்டிய அந்தப் பிறைப் பள்ளம். அது இல்லை.

இன்னொரு திருத்தம். செய்தவர்கள் யாரும் கலை என்று நினைக்கவில்லை என்று மார்ச்சில் எழுதினேன். அது பாதி உண்மைதான். குரோவெல் அலமாரியில் வைப்பதற்கென்றே சின்னஞ்சிறு பறவைகள் செய்து விற்றார். கிரிஸ்ஃபீல்டில் முடிதிருத்தும் கடை வைத்திருந்த லெம், ஸ்டீவ் வார்டு சகோதரர்கள் வேட்டை வாத்தில் தொடங்கி, கடைசியில் பார்த்து ரசிப்பதற்கான பறவைகளுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். தங்களை 'மரத்தில் நீர்ப்பறவை போலி செய்பவர்கள்' என்று பெருமையோடு சொல்லிக்கொண்டார்கள். தாம் செய்வது என்ன என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அதை முதலில் ஊருக்குச் சொன்னது ஜோயல் பார்பர் என்ற கட்டடக் கலைஞர், 1934இல் இதற்கென்றே புத்தகம் எழுதினார். அவர் சேகரித்தவை இப்போது வெர்மான்ட்டில் ஷெல்பர்ன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

நவம்பர் 15

தொடக்கம் எங்கே என்று கேட்ட அன்பருக்கு: வெள்ளைக்காரர்கள் வருவதற்கு வெகுகாலம் முன்பே. நெவாடாவில் லவ்லாக் குகையில் 1924இல் கோரைப்புல்லால் கட்டிய 11 வாத்துகள் கிடைத்தன. சிலவற்றில் சாயமும் இறகும் அப்படியே இருக்கின்றன. ஏறக்குறைய 2,000 வருடப் பழமை. சங்கப் பாட்டின் பெண்மான் கட்டப்பட்டிருந்த காலத்தை ஒட்டி, பூமியின் மறுபக்கத்தில் ஒருவர் கோரையை மடித்துக் கழுத்து கட்டிக்கொண்டிருந்தார். இதை நினைத்துவிட்டால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

ஜனவரி 8, 2023

என் மனைவி சைவம், நானும்தான். "கொல்வதற்குச் செய்த பொருளை ஏன் வீடு நிறைய வைத்திருக்கிறீர்கள்?" என்று அவள் கேட்டது முதல் வாத்து வந்த அன்று. இன்னும் அவளுக்கு முழுப் பதில் சொல்லவில்லை.

சந்தைக்காகச் சுட்ட காலம் கொடுமையான காலம். பீப்பாய் பீப்பாயாக வாத்துகள் நகரத்து உணவகங்களுக்குப் போயின. 1918இல் வலசைப் பறவைச் சட்டம் வந்து அந்த விற்பனையை நிறுத்தியது. 1935இல் உயிர் வாத்துகளைக் கட்டிவைத்து அழைப்பதற்கும் சிங்க் பாக்ஸுக்கும் தடை வந்தது. ஆனால் எங்கள் ஆற்றுமுகத்திலிருந்து கேன்வாஸ்பேக்கை விரட்டியது துப்பாக்கி மட்டும் இல்லை. அது தின்கிற நீர்ப்புல்லான காட்டு செலரியை 1972 ஜூனில் வந்த ஆக்னஸ் புயல் வெள்ளம் சேற்றால் மூடியது. புல் மீண்டும் படர முப்பது வருடம் ஆயிற்று. அந்தப் பறவையின் அறிவியல் பெயரிலேயே இந்தப் புல்லின் பெயர் இருக்கிறது.

என் அலமாரியில் இருப்பவர்கள், அந்தப் பறவை எந்தக் கோணத்தில் தலையைச் சாய்த்துத் தூங்கும், பயந்தால் கழுத்தை எவ்வளவு நீட்டும் என்று விடியற்காலை தோறும் பார்த்தவர்கள் செய்த பறவைகள். சுட்டவர்களும் அவர்களேதான். அவளிடம் இதைச் சொன்னேன். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் தூசி தட்டுவது அவள்தான். ஈரத்துணி வைப்பதில்லை, மெல்லிய தூரிகையால் மட்டும் தட்டுகிறாள்.

மே 9, 2023

கேள்வி கேட்டவர் சனிக்கிழமை வீட்டுக்கு வந்தார், வாத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டு. உப்புத்தாள் படவில்லை. முதுகில் தட்டினேன், சிரட்டை ஒலி. இடுப்பைச் சுற்றி ஒட்டுக் கோடு முடி அளவுக்குத் திறந்திருக்கிறது. அடியில் குழி வெட்டி ஊற்றிய ஈயம். இரண்டு எழுத்துச் சூடு. யார் செய்தது என்று எனக்குத் தெரியவில்லை, டக்கர்ட்டன் பக்கம் காட்டச் சொல்லியிருக்கிறேன். இடது சிறகில் மூன்று சன்னத் துளைகள். ஒன்றில் குண்டு இன்னும் இருக்கிறது, விரல் நுனியில் உருள்கிறது.

மிதக்குமா என்று அவர் பையன் கேட்டான். ஒட்டு திறந்திருப்பதால் அதை விட வேண்டாம் என்று சொல்லி, நான் சுரண்டிய கேன்வாஸ்பேக்கை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனோம். சாயமில்லாத மரம் நீர் குடிக்கும், ஐந்து நிமிடம் மட்டும் என்றேன். வளையத்தில் கயிறு கட்டிப் பையனிடம் கொடுத்தேன். எப்படி வீசுவது என்று கேட்டான். எப்படி வேண்டுமானாலும் வீசு என்றேன். தலைகீழாகப் போய் விழுந்தது. ஈயம் கீழே இழுக்க ஒரு பக்கம் புரண்டு, நிமிர்ந்து, தலையை ஒரு முறை ஆட்டிவிட்டுக் காற்றுக்கு எதிராகத் திரும்பி நின்றது.